குதிரைக்கு அடுத்த இடம்

அம்பிட்டிய
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் பிரேமிளாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் மாப்பிள்ளையும் உன் பிள்ளை பாப்பாவும் முனியாண்டி காவலில் சுகமாக இருக்கிறோம். நீயும் வேலைக்குப் போன அந்த ஊர்க் குளிரில் நெஞ்சில் சளி கட்டாமல், நேரத்துக்கு இரண்டு வாய் சாப்பிட்டுக்கொண்டு நல்லபடியாக இருப்பாய் என்ற நம்பிக்கையோடு பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

இது யாருடைய கையெழுத்து என்று யோசிக்காதே, உன் அப்பனுடைய கையெழுத்துத்தான். மாப்பிள்ளை எழுதித் தருகிறேன் என்றார், நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தேயிலைத் தோட்டத்தில் இருந்த காலமெல்லாம் என் கடிதத்தை இன்னொருவர் எழுதினார், எனக்கு வந்ததை இன்னொருவர் வாசித்தார், நடுவில் இருந்த விஷயத்தை லயத்து வீட்டு வரிசை முழுக்கத் தெரிந்துகொண்டது. இப்போது அந்தத் தொல்லை இல்லை. கண்டி டவுனுக்குப் போனால் பஸ் போர்டு, மருந்துக்கடை போர்டு, சுவரில் ஒட்டிய டியூஷன் நோட்டீஸ் எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டு நிற்கிறேன். போன கிழமை ஒரு கண்டக்டர், ஐயா ஏறுறீங்களா இல்ல போர்ட வாசிச்சிக்கிட்டே இருக்கப்போறீங்களா என்று கேட்டார். வாசித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். இந்தக் கடிதத்தை ஒரே மூச்சில் எழுத முடியவில்லை, கை கடுக்கும்போது வைத்துவிட்டு மறுபடி எடுக்கிறேன், அதனால் எழுத்து ஒரு இடத்தில் பெரிதாகவும் ஒரு இடத்தில் சிறிதாகவும் இருக்கும், பொறுத்துக்கொள்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். நீ போன தடவை போனில் அழுதாய். அவள் என்னை மறந்துட்டாளா அப்பா என்று கேட்டாய். பாப்பா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், அவளை வைத்துக்கொண்டு நான் என்ன பதில் சொல்வது. இல்லை இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. ஆட்டோ கவிழ்ந்து தலையில் அடிபட்டு, ஆஸ்பத்திரியில் தலையைத் திறந்து மூடி, அவள் கண் முழித்த நாளிலிருந்து நீயும் நானும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். லீவு முடிந்து நீ ஏர்போட்டுக்குப் போன அன்றைக்கும் அவள் உன்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சொல் எல்லாம் உள்ளே இருக்கிறது, வெளியே வருகிற பாதைதான் உடைந்து கிடக்கிறது, மெதுவாகத்தான் போட வேண்டும் என்று டொக்டர் சொன்னார். நானும் பொறுமையாகத்தான் இருந்தேன். அந்தக் குதிரை வரும் வரைக்கும்.

நான் எழுத்துப் படித்ததே பாப்பாவால்தான். பேச்சுப் பயிற்சி மிஸ் ஒருவர் கிழமைக்கு ஒரு முறை வருவார், எழுத்தும் படமும் உள்ள அட்டைகளைக் காட்டுவார். பாப்பா விரலை வைப்பாள், வாய் திறக்காது. நான் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து, அவளுக்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன். அ, அணில். ஆ, ஆடு. மிஸ் சிரித்துக்கொண்டு, தாத்தாவுக்கு இனி வைத்தியம் தேவையில்லை, பேத்தியைக் கொஞ்சம் சொல்ல விடுங்க என்றார். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. பேத்தியைச் சொல்ல விடுங்க என்றதை நான் யோசிக்கவில்லை.

இனி குதிரைக் கதை. மாப்பிள்ளை உனக்கு வீடியோ அனுப்பியிருப்பார், ஆனால் வீடியோவில் எல்லாம் தெரியாது. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி கொடுக்கிறவர்கள், இடுப்பும் முதுகும் இன்னும் பலமில்லை, குதிரையில் உட்கார வைத்து நடத்தினால் நல்லது என்று சொன்னார்கள். திகனைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குள் அப்படி ஒரு இடம் இருக்கிறது. அக்குறணையைச் சேர்ந்த பர்ஹானா என்கிற பிள்ளை நடத்துகிறாள், அதற்கென்று படித்தவள். குதிரை நடக்கும்போது அதன் முதுகு அசைகிற மாதிரிதான் நாம் நடக்கும்போது நம் இடுப்பும் அசையுமாம், அதனால் உட்கார்ந்திருக்கிறவரின் உடம்புக்கு நடை ஞாபகம் வருமாம். இதை மட்டும் நம்பாதீங்க, ஆஸ்பத்திரிப் பயிற்சியையும் விடாதீங்க என்று முதல் நாளே அவளே சொல்லிவிட்டாள், அது எனக்குப் பிடித்தது. குதிரைதான் பிடிக்கவில்லை.

அதன் பெயர் சுது. சிங்களத்தில் வெள்ளை என்று அர்த்தம், பெயர்தான் வெள்ளை, ஆள் கழுவாத வேட்டி நிறம். நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்ந்த கிழட்டுக் குதிரை. முட்டியில் வீக்கம், பல் தேய்ந்துபோயிருக்கிறது, கரட்டைச் சிறிதாக வெட்டித்தான் கொடுக்க வேண்டும். எனக்கும் முட்டியில் வீக்கம், எனக்கும் பல் இல்லை, எனக்கு யார் கரட் வெட்டித் தருகிறார்கள். பாப்பா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைப்பாள். அதன் காதைத் தடவுவாள். வீட்டுக்கு வந்தால் அந்தச் சட்டையைக் கழற்ற விடமாட்டாள், குதிரை வாசம் போய்விடுமாம், வாயால் சொல்லவில்லை, சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டதில் எனக்குப் புரிந்தது. ஒரு நாள் குதிரையில் இருந்து இறக்கும்போது, சுது என்று சொன்னாள். தெளிவாக. மாதக்கணக்காக நாம் ஏங்கிக் கிடந்த வாயில் இருந்து வந்த முதல் சொல். பர்ஹானா கண்ணைத் துடைத்தாள், மாப்பிள்ளை வேலி ஓரமாகப் போய் நின்று அழுதார். நானும் சந்தோஷப்பட்டேன் பிரேமிளா, பொய் சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸில் வரும்போது நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தியது. தலை துவட்டியது நான், சோறு ஊட்டியது நான், கக்கூசுக்குக் கைப்பிடித்துக் கூட்டிப் போனது நான். பெயர் சொன்னது அந்தப் புல் தின்கிறவனுக்கு.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. கட்டுகஸ்தோட்டையில் இறங்கித் தொதல் இனிப்பு வாங்கி வந்தேன். எள்ளுருண்டை பிடித்துக் கொடுத்தேன். அவளுக்குப் பிடித்த மாதிரி ரொட்டியும் கட்டைச் சம்பலும் செய்தேன். ஒவ்வொன்றையும் கொடுத்துவிட்டு, யாரு தந்தது, தாத்தாதானே, தாத்தா சொல்லு என்று முகத்துக்கு முன்னால் போய் நின்றேன். சாப்பிட்டாள். சுவரில் மாப்பிள்ளை ஒட்டி வைத்த குதிரைப் படத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். மேல் வீட்டு நல்லம்மா இதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பாள், உனக்குத்தான் அவளைத் தெரியுமே. அண்ணே, நீங்க குதிரையா பொறந்திருந்தா இந்தக் கவலயே இல்ல, கொஞ்சம் புல்லும் தின்னு பாருங்களேன் என்றாள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன். பேசியிருந்தால் அன்றைக்குச் சண்டை வந்திருக்கும்.

அந்த இடத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. வேலி கட்டிய வளையத்துக்குள் குதிரை நடக்கும். பர்ஹானாவின் தம்பி றவூப் முன்னால் கயிறு பிடிப்பான். இடது பக்கம் பர்ஹானா, வலது பக்கம் நான், விழுந்தால் பிடிக்க. பாப்பா நட என்றால்தான் குதிரை நடக்க வேண்டும், நில் என்றால்தான் நிற்க வேண்டும். வேறு யாரும் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. அவள் சொல்லும் வரைக்கும் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். குதிரையும் நிற்கும், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். பாப்பாவுக்கு அந்த ஒரு சொல் வர எவ்வளவு நேரமாகும் தெரியுமா. உதடு குவியும், கழுத்து நரம்பு புடைக்கும், ஒன்றும் வராது, மறுபடி குவியும். என்னால் பார்க்க முடியவில்லை. நட என்று நானே சொல்லிவிட்டேன். குதிரை நடந்துவிட்டது, பாப்பா ஆடிப்போனாள், பர்ஹானா பிடித்துக்கொண்டாள். அடுத்த முறையும் அப்படித்தான், வாய் அடங்கவில்லை. அப்போதுதான் பர்ஹானா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் இன்னும் காதில் இருக்கிறது.

"ஐயா, நீங்க பேச வாணாம். புள்ளட வாயில இருக்கிற சொல்ல நீங்க எடுக்கிறீங்க."

இன்னொரு தரம் வாய் திறந்தால் வெளியே பெஞ்சில்தான் உட்கார வேண்டும், என் இடத்தில் வேறு ஆளைப் போடுவேன் என்றும் சொன்னாள். பெஞ்சில் உட்கார்ந்து, அந்தக் குதிரையும் வேறு யாரோ ஒருவனும் என் பேத்தியோடு சுற்றி வருவதை நான் பார்ப்பதா. வாயைத் தைத்துக்கொண்டேன் என்று வைத்துக்கொள்.

இப்போது போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். முந்தின ராத்திரி நல்ல மழை, வளையத்து மணல் சொதசொதவென்று இருந்தது. வளையத்துக்குள் வருகிற எல்லோரும் பூட்ஸ் போட வேண்டும், எனக்கும் ஒரு ரப்பர் பூட்ஸ் கொடுத்திருந்தார்கள். ஆனால் நாவலப்பிட்டிப் பக்கம் நம் தோட்டத்து முனியாண்டி கோயில் உனக்கு ஞாபகம் இருக்குமே, அந்தச் சீமெந்துக் குதிரைக்குப் பக்கத்தில் செருப்போடு போனவன் உண்டா. துரையே சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். குதிரை என்றால் எனக்குக் கால் தானாகக் கூசுகிறது. அந்தச் சுது மேல் எனக்கு எவ்வளவு எரிச்சல் இருந்தாலும், அதன் பக்கத்தில் ரப்பரோடு நிற்க மனசு வரவில்லை, அதுவும் வெள்ளிக்கிழமை. பர்ஹானா பாப்பாவின் தலைக்கவசத்தை இறுக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பூட்ஸைக் கழற்றி வேலிக்கட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டு வெறுங்காலோடு போய் நின்றுகொண்டேன். யாரும் கவனிக்கவில்லை.

சுற்றி வந்தோம். வேலி ஓரத்தில் பாப்பா நில் என்றாள், குதிரை நின்றது. நின்றது என்றா சொன்னேன், நின்று, பிறகு கொஞ்சம் தோதாக நிற்பதற்காக முன்காலைத் தூக்கி என் இடது கால் மேல் வைத்தது. மணல் இளகி இருந்தபடியால் எலும்பு தப்பியது, கால் அப்படியே மணலுக்குள் இறங்கிவிட்டது. ஆனால் அது குதிரை பிரேமிளா. பத்து மூட்டைத் தேயிலையைக் கால் விரலில் இறக்கி வைத்த மாதிரி இருந்தது. றவூப் முன்னால் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பர்ஹானா அந்தப் பக்கம், அவளுக்குத் தெரியாது. எல்லோரும் பாப்பா நட என்று சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் காத்துக்கொண்டிருக்கிறேன், அதன் குளம்புக்கு அடியில். கத்தினால் பெஞ்சு. அது ஒன்றுதான் என் மண்டைக்குள் ஓடியது. என்னைப் பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு நீ மட்டும் அவளோடு சுற்றப் பார்க்கிறாயா என்று மனசுக்குள் அதைத் திட்டினேன், பல்லைக் கடித்தேன், கடிக்கப் பல்லும் சரியாக இல்லை. கண்ணால் தண்ணீர் வந்தது.

பாப்பா குனிந்து பார்த்தாள். அவள் என் பக்கம் பார்ப்பதெல்லாம் இத்தனை நாளும் என்னைத் தாண்டி எங்கேயோ பார்க்கிற மாதிரித்தான் இருக்கும். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். உதடு குவிந்தது. எனக்கு அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று தெரியும், அந்தச் சொல் முழுக்க என் நாக்கு நுனியில் நிற்கிறது, எடுத்துக் கொடுக்கத் துடிக்கிறது. கொடுக்கவில்லை. அவள் கழுத்து நரம்பு புடைத்தது, கண் கலங்கியது, மறுபடி முயன்றாள்.

"சுது, தள்ளு. தாத்தா காலு."

சொன்னாள் பிரேமிளா. நாலு சொல்லைச் சேர்த்துச் சொன்னாள். றவூப் திரும்பிப் பார்த்துக் குதிரையைத் தள்ளி நிறுத்தினான். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன், காலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. பர்ஹானா ஓடி வந்து வெறுங்காலைப் பார்த்துவிட்டுத் திட்டத் தொடங்கினாள், அவள் திட்டி முடிப்பதற்குள் மேலே இருந்து இன்னொரு குரல்.

"செருப்பு எங்க?"

அது உன் குரல். நீ மாப்பிள்ளையைக் கேட்பாயே, குடை எங்க, சாவி எங்க என்று, அதே இழுப்பு, அதே கோபம். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன், நீதான் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாயோ என்று. உன்னை மறந்துவிட்டாளா என்று கேட்டாயே, மறந்தவளுக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்தது.

இவ்வளவும் நடந்த பிறகு அவள் என்ன செய்தாள் தெரியுமா. குனிந்து அந்தக் குதிரையின் கழுத்தைத் தடவிக் கொடுத்தாள், பயப்படாதே என்கிற மாதிரி. மிதிபட்டது என் கால், ஆறுதல் அதற்கு. அதுவும் என்னை ஒரு பார்வை பார்த்தது, நான் விடவில்லை, திருப்பிப் பார்த்தேன்.

காலைப் பற்றிக் கவலைப்படாதே. டிஸ்பென்சரியில் காட்டினோம், முறிவு இல்லை, பெருவிரல் நகம் கறுத்துவிட்டது, விழுந்து முளைக்கும். நல்லம்மா மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு, குதிர மிதிச்சதுக்கு இப்படிப் பல்லக் காட்டுற மனுசன நான் எங்கயும் கண்டதில்ல என்றாள். பாப்பாவும் ஒரேயடியாகத் தேறிவிட்டாள் என்று நினைத்துவிடாதே. அடுத்த நாள் முழுக்க ஒரு சொல் வரவில்லை. வலது கை இன்னும் பலம் இல்லை, களைத்தால் எரிந்து விழுகிறாள். டொக்டர் இன்னும் நாள் எடுக்கும் என்றுதான் சொல்கிறார்.

ஆனால் நான் ஒன்று கண்டுபிடித்தேன், அந்தக் குதிரையிடம் இருந்து திருடியது. அவளுக்குத் தாகம் எடுக்கும் முன்னே நான் தண்ணீரோடு நிற்பேன், குளிரும் முன்னே போர்வை, அவள் வாய் அசைந்தாலே இதுவா அதுவா என்று நானே கேட்டு நானே பதிலும் சொல்லிவிடுவேன். அவளுக்குப் பேச வேண்டிய அவசியமே நான் வைக்கவில்லை. குதிரைக்கு அந்த அக்கறை எல்லாம் இல்லை, அது பாட்டுக்கு நிற்கிறது. இன்றைக்குக் காலை தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். கொடுக்கவில்லை, பேசவில்லை. அவள் கோப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கோப்பையை இரண்டு கையாலும் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை மார்க்கெட்டில் இருந்து வந்து, என்ன மாமா ரெண்டு பேரும் போட்டோவுக்கு இருக்கிறீங்களா என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். கடைசியில் சொன்னாள், ஆறிப்போச்சு தாத்தா என்று. நான் ஓடிப் போய்ச் சூடாக இன்னொன்று போட்டு வந்தேன். ஆறின தேத்தண்ணீரை நான் குடித்தேன், அவ்வளவு ருசியான தேத்தண்ணீர் நான் குடித்ததில்லை.

வேலையை விட்டுவிட்டு வரப்போகிறேன் என்று சொன்னாய். அது உன் விருப்பம், நீயும் மாப்பிள்ளையும் பேசி முடிவு செய்யுங்கள், வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். அங்கே ஒரு கிழவிக்கு என் மகள் தலை வாரி விடுகிறாள் என்று நினைத்தாலே எனக்கு அந்தக் கிழவி மேலும் பொறாமைதான், பாவம், அவளை நன்றாகப் பார்த்துக்கொள். ஆனால் பாப்பா போனில் பேசவில்லை என்கிற பயத்தில் மட்டும் ஓடி வராதே. நீ போன் எடுத்தால் மழை மாதிரிப் பேசுகிறாய் அம்மா, சாப்பிட்டியா, மருந்து குடிச்சியா, அம்மா சொல்லு, அம்மா சொல்லு என்று. அவளுக்கு நுழைய இடம் இல்லை. அடுத்த முறை ஒரே ஒரு கேள்வி கேள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில். போன் கார்டில் காசு முடிந்தால் முடியட்டும். ஒரு குதிரைக்கு முடிகிறது, நமக்கு முடியாதா.

இதுவரைக்கும் எழுதி முடித்துவிட்டு, கீழே கொஞ்சம் இடம் விட்டுப் பேனாவைப் பாப்பாவிடம் கொடுத்தேன். என்ன எழுது என்று சொல்லவில்லை. இடது கையால் பிடித்தாள். முதலில் சுது என்று எழுதினாள். என் முகத்தைப் பார்த்தாள், நான் குதிரை மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டேன். பிறகு தாத்தா என்று எழுதினாள். பிறகு பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள், நல்லம்மா வீட்டுக் கொடியில் காய்ந்த துணி எல்லாம் எடுத்து முடித்துவிட்டார்கள், இவள் இன்னும் பார்க்கிறாள். முடித்துவிட்டாள் என்று பேனாவை வாங்கக் கையை நீட்டப் போனேன், நல்ல வேளை, நீட்டவில்லை. குனிந்து மூன்றாவதையும் எழுதினாள். மூன்றாவது இடமா என்று வருத்தப்படாதே. நானும் அந்தக் குதிரையும் பக்கத்தில் நிற்கிறோம், கை நீட்டினால் தொடலாம். உன்னை அவள் அவ்வளவு தூரம் போய்த் தேடி எடுத்து வந்திருக்கிறாள். மாப்பிள்ளை பெயர் இல்லை, அதனால் காகிதத்தை அவர் கண்ணில் படாமல் மடித்துவிட்டேன், நாளைக்கு நானே கண்டித் தபால் கந்தோரில் கொண்டு போய்ப் போடுவேன். இந்தக் கடிதத்தைப் பற்றி அவரிடம் போனில் உளறிவிடாதே.

முனியாண்டி உனக்குத் துணை நிற்பார். நீ இருக்கிற வீட்டில் நல்ல பெயரோடும், உடம்பில் நோய் இல்லாமலும் இருந்து, உன் பிள்ளை தன் வாயால் உன்னைக் கூப்பிடுவதைக் காது குளிரக் கேட்க வேண்டும் என்று மனசார ஆசீர்வதிக்கிறேன். ஒரு கேள்வி, பிறகு மௌனம், மறந்துவிடாதே. வெள்ளிக்கிழமை குதிரைக்குப் போகும்போது நான் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் போவேன், பாப்பாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
வீரய்யா

சுது
தாத்தா
அம்மா